இடது சுக்கானில் மாதா

ஜனவரி 18, வியாழன்

இந்த நோட்டில் இதுவரை ஓட்டக் கணக்கும் சாமான் கணக்கும் தவிர வேறு எதையும் நான் எழுதியதில்லை. இடது பக்கத்தில் தோணி எத்தனை முறை கடலுக்குப் போனது, எத்தனை பேர் ஏறினார்கள். வலது பக்கத்தில் எந்த நட்டு மாற்றினோம், எந்தக் கயிறு நைந்தது, எந்தச் சனிக்கிழமை நல்ல தண்ணீரில் கழுவினேன். செவ்வாயன்று “ஓட்டம் 4, ஆள் 4” என்று எழுதியதோடு நிற்கிறது. மேற்கொண்டு என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். நடந்ததையே எழுதிவிடுகிறேன். மாதாவே, என் கை பொய் எழுதாமல் பார்த்துக்கொள்ளும்.

எங்கள் தோணிக்கு இரண்டு உடம்பு, ஒரு பாய். பின்னால் உடம்புக்கு ஒன்றாக இரண்டு சுக்கான். வெளியூரார் கேட்டமரான் என்பார்கள், எங்கள் ஊர் முத்தாமுனையில் இரட்டைத் தோணி. சென்னையில் பாய்ப்படகு கற்றுக்கொடுத்த பள்ளி ஒன்றை மூடியபோது பழசாக வாங்கியது. வயது இருபத்திரண்டு. சுற்றுலா வருகிறவர்களை நாலு நாலு பேராக ஏற்றி வளைகுடாவில் ஒரு சுற்று காட்டி இறக்குவார் என் வீட்டுக்காரர். அதுதான் எங்கள் அடுப்பு எரிகிற வழி.

பொங்கலுக்கு மறுநாள் கூட்டத்தில் நாலாவது ஓட்டம். இடது சுக்கானைத் தோணியோடு பிடித்திருக்கும் அலுமினிய மூட்டு இரண்டாக உடைந்துவிட்டது. உடைந்த சுக்கான் பலகை, இரண்டு சுக்கானையும் இணைக்கிற குறுக்குக் கம்பியில் தொங்கி இழுத்ததால் வலதும் திரும்பவில்லை. தோணி முனைப் பாறையைப் பார்த்துப் போனது. பைபர் படகுக்காரர்கள் போய் இழுத்து வந்தார்கள். ஒருவருக்கும் கீறல் இல்லை. ஒரு அம்மாவின் மூக்குக்கண்ணாடி மட்டும் கடலோடு போயிற்று.

நேற்று ஊர்க் கமிட்டி கூடியது. தலைவர் தொபியாஸ் மாமா எடுத்த எடுப்பில் என் வீட்டுக்காரரைப் பார்த்து, “ஏலே கஸ்பார், குடிச்சிருந்தியா?” என்று கேட்டார்.

“இல்ல மாமா.”

“பின்ன?”

“கை தவறிருச்சு.”

நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கை தவறவில்லை. சுக்கான் மூட்டு உடைந்தது. அதைச் சொல்ல வேண்டிய வாய் ஏன் இதைச் சொன்னது?

கமிட்டி முடிவு: மறு உத்தரவு வரும்வரை தோணியில் ஆள் ஏற்றக்கூடாது. எங்கள் தோணி நிற்கும் கரை இடத்தின் மேல் தொபியாஸ் மாமாவின் மருமகனுக்கு ஒரு வருஷமாகக் கண். எஞ்சின் படகு வாங்கி நிறுத்தப் போகிறானாம்.

போகட்டும் பார்ப்போம்.

ஜனவரி 20, சனி

தோணி ஓடாவிட்டாலும் சனிக்கிழமை சனிக்கிழமைதான். கழுவினேன்.

பாய் மூட்டைக்கு அடியில், சாக்குத் துணியில் சுற்றி, உடைந்த மூட்டு. ஒளித்து வைத்திருக்கிறார். அதில் இருந்த மாதா பதக்கம் இல்லை. பதக்கத்தின் நாலு திருகு ஓட்டை மட்டும் இருந்தன. மேல் ஓட்டை இரண்டும் வட்டம் குலையாமல் இருக்கின்றன. உடைப்பு கீழ் ஓட்டை இரண்டின் வழியாக ஓடியிருக்கிறது. உடைந்த இடத்தை நகத்தால் சுரண்டினால் காப்பியில் நனைத்த ரஸ்க் மாதிரி உதிர்கிறது. வலது மூட்டைத் தட்டிப் பார்த்தேன், கருங்கல். அதே வயசு, அதே உப்பு, அதே கழுவல். சென்னைக்காரர்கள் இடதுக்கு மட்டும் மட்டமான சாமான் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால், மாதா திருநாளன்று, அவர் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார். அன்று பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த பித்தளைப் பதக்கம் அது. உள்ளங்கை அகலம். அவர் இடது கைக்காரர் என்பதால் இடது மூட்டில் நானே நாலு பித்தளைத் திருகு போட்டு முடுக்கினேன். ஊர் முழுக்க அந்தப் பதக்கத்தைப் பார்த்துத்தான் “கஸ்பார் திருந்திட்டான்” என்று நம்பியது.

“மாதா எங்க?” என்று கேட்டேன்.

“சட்டப் பையில பத்திரமா இருக்காவ.”

“யாரக் கேட்டுக் கழத்துனீங்க?”

“உடைஞ்ச சாமான்ல எதுக்குட்டி அது.”

“சத்தியம் பண்ணுன ஆளு கழத்தலாமா? பாக்குறவுக என்ன நினைப்பாவ? மறுபடியும் ஊத்திக்கிட்டான், அதான் மாதாவ இறக்கிட்டான்னு பேச மாட்டாவளா?”

வலை பின்னுகிற இடத்துக்குப் போய்விட்டார்.

எனக்குத் தெரியும். அடியைத் தாய் தன்மேல் வாங்கிக்கொண்டாள். அதனால்தான் நாலு உயிர் தப்பியது. இன்னொன்றும் எழுதிவைக்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பதக்கத்தைச் சுற்றி மட்டும் வெள்ளையாக மாவு போல ஒன்று பூக்கும். மூட்டில் வேறெங்கும் வராது, வலதில் வரவே வராது. சனிக்கிழமைதோறும் விரலால் வழித்து ஒரு தைல டப்பாவில் சேர்த்து, வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். டப்பா முக்கால் நிறைந்துவிட்டது. வெளியே சொன்னால் கூட்டம் கூடிவிடும்.

ஜனவரி 22, திங்கள்

புது மூட்டுக்குச் சென்னைக் கடை ஒன்றுக்குப் போன் போட்டோம். இந்த மாடலை நிறுத்திப் பதினாறு வருஷம் ஆயிற்றாம். “புதுத் தோணி வாங்கிருங்க மேடம்” என்று ஒரு பெண் சிரிக்கிறாள். புதுக் காது வாங்கிக்கொள் என்று சொன்னேன், போனை வைத்த பிறகு.

ஜனவரி 25, வியாழன்

தூத்துக்குடிக்கு நானே போய் வந்தேன். அவர் வரவில்லை. தொபியாஸ் மாமா முகத்தில் விழிக்க வேண்டிவரும் என்று பஸ் நிறுத்தத்துக்கே வர மாட்டேன் என்கிறார்.

லேத்துப் பட்டறை பால்வண்ணம் அண்ணாச்சியிடம் உடைந்த இடதையும் நல்ல வலதையும் வைத்தேன். அவர் வலதைக் கையில் எடுத்து, “இத மாதிரியே ஒண்ணு கடைஞ்சிருவோம்” என்றார்.

“இத மாதிரியே கடைஞ்சா ரெண்டு வலதுல்லா ஆயிரும்? இடதுக்குத் திருப்பிப் போடணும் அண்ணாச்சி.”

வீட்டிலேயே தினத்தாளில் வலது மூட்டை வைத்து வரைந்து, வெட்டி, காகிதத்தைப் புரட்டிக் கொண்டுபோயிருந்தேன். ரவிக்கைக்கு ஒரு கையை வெட்டிவிட்டு மறு கைக்குத் துணியைப் புரட்டுகிறோம் இல்லையா, அதுதான். அண்ணாச்சி காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “எங்க படிச்சிய?” “அஞ்சாம் வகுப்பு. மீதி தையல் மிஷின்ல.”

வார்ப்பு வேண்டாம், கட்டி அலுமினியத்தில் குடைந்து எடுத்தால் பழசை விட உறுதி என்றார். சுக்கான் திரும்புகிற எவர்சில்வர் பின்னுக்கும் மூட்டுக்கும் நடுவே நைலான் புஷ் ஒன்று போட வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்: “வேற வேற உலோகம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உப்புத் தண்ணில கிடந்தா, வலுத்தது இளைச்சதத் தின்னும்மா. அலுமினியந்தான் எப்பவும் இளைச்சது.” நல்ல விஷயம். தெரிந்துகொள்ள வேண்டியது.

பிறகு உடைந்த துண்டைத் திருப்பி, “இந்த நாலு ஓட்டை என்னத்துக்கு?” என்றார்.

“அது எங்க மாதா பதக்கத்துக்கு. பித்தளை. புதுசுலயும் போட்டுருங்க.”

அண்ணாச்சி துண்டையே தடவிக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த முருகனைப் பார்த்தார். “சாமி விஷயம்… நான் என்ன சொல்ல. அடியில ஒரு ரப்பர் வெட்டிக் குடுத்து முடுக்குங்களேன். திருகுக்கும் ரப்பர் உறை தாரேன்.”

“மாதாவுக்கும் தோணிக்கும் நடுவுல ரப்பரா? வேண்டாம் அண்ணாச்சி. அவுக நேராவே இருக்கட்டும்.”

“சரிம்மா” என்றார். அந்த “சரிம்மா” எனக்குப் பிடிக்கவில்லை. வேறு சாமி என்பதால் ஒரு மாதிரி பேசுகிறார் போல.

பிப்ரவரி 2, வெள்ளி

மெழுகுதிரி மந்திரிக்கும் திருநாள். பூசை முடிந்து வரும்போது புது மூட்டு வந்திருந்தது. என்ன கனம், என்ன பளபளப்பு! அடுக்களைத் தரையில் சுக்கான் பலகையைக் கிடத்தி வேலை செய்தோம். பெண்பிள்ளை சுக்கானைத் தாண்டக்கூடாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சோறு வடிக்க அடுப்புக்கும் குழாய்க்கும் ஏழு முறை தாண்டினேன். எண்ணிக்கொண்டுதான் தாண்டினேன்.

போல்ட் 6, நட்டு 6, நைலான் புஷ் 2, பின் 1. பின் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. பலகையை ஆட்டிப் பார்த்தார், துளி ஆட்டம் இல்லை. அவர் முகத்தில் பதினேழு நாளுக்குப் பிறகு சிரிப்பு.

பதக்கத்தை எடுத்தேன். சிரிப்பு போய்விட்டது.

“ஏட்டி, அத ஒரு நூல்ல கோத்துப் பாய்மரத்துல கட்டுவோமா?”

“ஏன்?”

“உசரத்துல இருந்தா எல்லாருக்கும் தெரியும்லா.”

“இருந்த இடத்துலதான் இருக்கணும். இல்லன்னா கமிட்டிக்காரவுக பேச இடம் குடுத்த மாதிரி ஆயிரும்.”

“அப்ப இந்த ரப்பரயாவது…” சட்டைப் பையிலிருந்து சதுரமாக வெட்டிய ரப்பர்த் துண்டு ஒன்றை எடுக்கிறார்! உலகத்து ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் ரப்பர்ப் பைத்தியம். பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தேன். நாலு பித்தளைத் திருகு, நாலும் புதுசு, நானே முடுக்கினேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

கமிட்டியில் புது மூட்டைக் காட்டினோம். தொபியாஸ் மாமா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “சுக்கான் புதுசு. சுக்கான் பிடிக்கவன் பழசுதான?” என்றார். சிரித்தார்கள்.

முடிவு: சாம்பல் புதன் தொட்டு உயிர்ப்பு ஞாயிறுவரை ஆள் ஏற்றாமல் தினமும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஈஸ்டருக்கு மறுநாள் கூட்டத்தில் தீர்ப்பு. ஒரு குறை இருந்தாலும் கரை இடம் மருமகனுக்கு.

தபசு காலம் முழுக்க எங்களுக்குத் தபசு. சரி. ஊருக்கே சேர்த்து நாங்கள் இருக்கிறோம்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

நெற்றிச் சாம்பலோடு முதல் ஓட்டம். காற்று கொண்டல், கிழக்கிலிருந்து. ஓட்டம் 1, ஆள் 0. பூஜ்ஜியம் எழுதுவது கைக்குப் பழக்கமில்லை, பெரிதாக விழுந்துவிட்டது.

பிப்ரவரி 17, சனி

கழுவினேன். குறை இல்லை.

பிப்ரவரி 24, சனி

குழாயடியில் எஸ்தாக்கி மைனி, என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் பெண்டாட்டி, வம்புக்கு வந்தாள். “ஏன் பிரகாசி, ரெண்டு சுக்கான்ல மாதா இருந்த பக்கமாப் பாத்துல்லா உடைஞ்சிருக்கு? ஒன் பக்தி அப்படி.”

“மாதா இல்லாத பக்கம் உடைஞ்சிருந்தா நாலு பேரும் போயிருப்பாவ. வாய மூடிக்கிட்டுத் தண்ணியப் பிடிங்க.”

பிடித்தாள். ஆனாலும் அந்த வார்த்தை வீடுவரை கூடவே வந்தது.

மார்ச் 2, சனி

தாய் திரும்பிவிட்டாள்! புது மூட்டில் பதக்கத்தின் ஓரமாக வெள்ளைப் பூப்பு. மெலிசாக, பல்லிமுட்டை ஓடு அரைத்த மாதிரி. வழித்து டப்பாவில் சேர்த்தேன். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “நல்லாக் கழுவு” என்றார், அவ்வளவுதான். அவருக்கு விசுவாசம் போதாது.

மார்ச் 9, சனி

பூப்பு அதிகம். வழிக்கும்போது நகம் உள்ளே போனது. புது அலுமினியத்தில் மிளகு அளவு குழி. கீழ்த் திருகு இரண்டும் தளர்ந்திருக்கின்றன. முடுக்கினேன். முடுக்கியதை நோட்டில் எழுதப் போனேன். எழுதவில்லை. கை நின்றுவிட்டது.

மார்ச் 10, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து பழைய நோட்டு நாலையும் விரித்து உட்கார்ந்தேன்.

பதக்கம் வைத்த மாதத்திலிருந்து “இடது: பதக்கத் திருகு தளர்ந்தது, முடுக்கினேன்” என்று பதினோரு இடத்தில் இருக்கிறது. “வெள்ளை பூத்தது” கணக்கில்லாமல் இருக்கிறது. வலதுக்கு ஒரு வரிகூட இல்லை. பதக்கம் வைப்பதற்கு முந்திய நோட்டில் இடதுக்கும் ஒரு வரி இல்லை. பிறகு ஜனவரி 25-இல் நானே எழுதிய வரி. வலுத்தது இளைச்சதத் தின்னும்.

பதினோரு முறை எழுதியிருக்கிறேன். ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

அப்படி இருக்காது. சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.

மார்ச் 11, திங்கள்

மூன்று கண்ணாடித் தம்ளரில் கடல் தண்ணீர். அண்ணாச்சி மூட்டோடு அனுப்பிய வெட்டுத் துண்டில் மூன்று. முதல் தம்ளரில் வெறும் அலுமினியம். இரண்டாவதில் நைலான் புஷ் துண்டுக்குள் எவர்சில்வர் திருகு செருகிய அலுமினியம். மூன்றாவதில் பித்தளைத் திருகு நேராக முடுக்கிய அலுமினியம். பீடத்தில் வைத்தேன், சுரூபத்துக்கு முன்னால். தாயே, நீரே சாட்சி.

மார்ச் 13, புதன்

ஒன்று: தெளிவு. இரண்டு: தெளிவு. மூன்று: திருகைச் சுற்றி நூல் போல வெள்ளை.

மார்ச் 16, சனி

ஒன்று: கொஞ்சம் மங்கல். இரண்டு: அப்படியே. மூன்று: தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி. அடியில் வெள்ளைச் சகதி.

தைல டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே சாமான்.

அவர் வந்தார், தம்ளர்களைப் பார்த்தார், என்ன என்று கேட்கவில்லை. என்ன என்று கேட்காத மனுஷனை இன்றைக்குத்தான் கவனிக்கிறேன்.

மார்ச் 20, புதன்

மூன்றாம் தம்ளர்த் துண்டைத் தூக்கினேன். திருகு தானாகக் கழன்று விழுந்தது.

மார்ச் 22, வெள்ளி

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். “அண்ணாச்சி, அந்தப் பித்தளை தின்னும்னு ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்மா.”

“ஏன் சொல்லல?”

“ரப்பர் போடச் சொன்னேம்லா. அதுக்கு மேல நான் ஒங்க சாமியப் பத்தி எப்படிம்மா பேச? அதுபோக ஒங்க வீட்டுக்காரரும் போன்ல சொன்னாவ.”

“என்ன சொன்னாவ?”

“‘எம்பொண்டாட்டிகிட்டச் சொல்லிராதிய. அவ மாதாதான் தோணிய உடைச்சாவன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. ரப்பர நான் எப்படியாவது வச்சிருதேன்’னாவ. ஒரு துண்டு அவருக்குத் தனியாக் குடுத்து விட்டேன். வைக்கலியோ?”

ஜன்னலுக்கு வெளியே போய்த் தேடினேன். ரப்பர்த் துண்டு முருங்கைக்கு அடியில் கிடந்தது.

கமிட்டியில் கை தவறிருச்சு என்றாரே.

மார்ச் 23, சனி

பதக்கத்தைக் கழற்றினேன். பட்டப் பகலில், கரையில், எல்லோரும் பார்க்க. குழிகள் ஆழமில்லை, அரம் போட்டுத் தேய்த்தால் மூட்டு தாங்கும். நாலு ஓட்டையையும் தோணிக்குப் பூசுகிற பிசினால் அடைத்தேன். எஸ்தாக்கி மைனி பார்த்துவிட்டு ஓட்டமாக ஓடினாள். ஓடட்டும். மாலைக்குள் ஊர் முழுக்க “கஸ்பார் குடிச்சிட்டான்” என்று ஆகிவிட்டது. அவர் வீட்டில் உட்கார்ந்து என் கையால் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் நான் இன்னும் பேசவில்லை. கோபமா, வேறெதுவா என்று எனக்கே தெரியவில்லை. காப்பியில் சர்க்கரை மட்டும் ஒரு கரண்டி கூடப் போட்டேன்.

மார்ச் 26, செவ்வாய்

பாவசங்கீர்த்தனம். திருகு போட்டதைச் சொன்னேன். சாமியார் சொன்னார்: “தெரியாமச் செஞ்சது பாவம் இல்லம்மா.” பாவம் இல்லை என்றால் மன்னிப்பும் இல்லை. நான் எதை வாங்கிக்கொண்டு வெளியே வருவது? சரிசெய்கிற வேலைதான் பாக்கி.

மார்ச் 31, உயிர்ப்பு ஞாயிறு

ஓட்டம் 47, ஆள் 0. பதக்கம் எடுத்த பிறகு ஒன்பது ஓட்டம். வெள்ளை இல்லை.

ஏப்ரல் 1, திங்கள்

கமிட்டி. மூன்று தம்ளரையும் தாம்பாளத்தில் வைத்துத் துணி போட்டு மூடி எடுத்துப் போனேன். பெண்கள் வாசலோடு நிற்பது வழக்கம். நான் மேசைவரை போய் வைத்தேன்.

தொபியாஸ் மாமா துணியைத் தூக்கிப் பார்த்தார். “என்ன பிள்ள, கல்யாண வீடா? சர்பத்து ஊத்திக் கொண்டாந்திருக்க?”

“மூணாவதக் குடிச்சுப் பாருங்க மாமா, குடிச்சவன் யாருன்னு தெரியும்.”

சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று. மாமா சிரிக்கவில்லை. “மாதாவ ஏன் கழத்துன? அதச் சொல்லு மொதல்ல. சத்தியம் முறிஞ்சிருச்சா?”

எழுந்து ஏதோ சொல்லப் போனார் என் வீட்டுக்காரர். “நீங்க உக்காருங்க” என்றேன். “நீங்க பேசுனது போதும்.”

பிறகு சொன்னேன். நோட்டைத் திறந்து தேதி தேதியாகப் படித்தேன். பதினோரு வரியையும் படித்தேன். உடைந்த பழைய மூட்டைக் கொடுத்தேன், சுரண்டிப் பார்க்கச் சொன்னேன், வலது மூட்டைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். பைபர் படகுக்காரர்கள் கூடிவிட்டார்கள். எஞ்சினை உப்பு அரிக்காமல் இருக்க அதன் அடியில் துத்தநாகக் கட்டி கட்டுகிறவர்கள் அவர்கள். ஒன்றை ஒன்று தின்பது அவர்களுக்குத் தெரியும். ஒருவர் மூன்றாம் தம்ளருக்குள் விரல் விட்டுப் பார்த்துவிட்டு, “ஆமா மாமா, அரிச்சுத்தான் போயிருக்கு” என்றார்.

தொபியாஸ் மாமா மேசையில் தட்டினார். “அப்ப, மாதாதான் தோணிய உடைச்சாவன்னு சொல்லுத? மந்திரிச்ச பதக்கத்து மேலயா பழி போடுத?”

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரமாக அடுப்படியில் பதில் சொல்லிப் பழகியிருந்தேன். பழகிய பதில் ஒன்றும் வாயில் வரவில்லை. இதுதான் வந்தது:

“மாதா மேல இல்ல மாமா. பித்தளை மேல. பித்தளையக் கொண்டுபோயி அலுமினியத்துல முடுக்குன எம்மேல. நாலு திருகும் நான் போட்டது. ரப்பர் வைன்னு ரெண்டு பேரு சொன்னாவ, நான் கேக்கல. நாலு உசுரு எங்கையால போகப் பாத்துச்சு. எழுதிக்கோங்க. கஸ்பார் கை தவறல. எங்கை தவறுச்சு.”

மாமா குரலைத் தணித்து, “சரி. ஆனா பதக்கம் இல்லாம அவன் குடிக்க மாட்டான்னு ஊரு எப்படி நம்பும்?” என்றார்.

“சத்தியம் பண்ணுனது அவரு. பதக்கம் இல்ல. ஊரு நம்பலன்னா ஊருக்கு விசுவாசம் போதாது.”

அவரைத் திரும்பிப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிறார். சிரிப்புதானா என்று தெரியவில்லை.

கமிட்டி எழுதிக்கொண்டது: கரை இடம் கஸ்பாருக்கே. நாளை முதல் ஆள் ஏற்றலாம். மாதம் ஒருமுறை சுக்கான் மூட்டுகளைக் கழற்றிக் காட்ட வேண்டும். “யாரு காட்டணும்?” என்று எழுத்தர் கேட்டார். மாமா பேனாவை மூடிக்கொண்டே, “வேற யாரு, அந்தப் பிள்ளதான். நோட்டோட வரச் சொல்லு” என்றார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

காலையில் ஒரு வண்டியும் வரவில்லை. சுற்றுலாக்காரர்களுக்கு எங்கள் தீர்ப்பு எப்படித் தெரியும்? பத்து மணிவரை தோணி கரையில் நின்றது. அந்தப் பக்கம் எஸ்தாக்கி மைனி, இந்தப் பக்கம் மாமாவின் மருமகன், எல்லோரும் வேடிக்கை.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தோணியில் ஏறினேன்.

“ஏட்டி, என்ன செய்யுத?” என்றார் அவர். வெளியூர்ப் பெண்கள் எத்தனையோ பேர் ஏறிய தோணி. ஊர்ப் பெண் ஒருத்தியும் ஏறியதில்லை, நான் உட்பட.

“ஆள் ஏத்தலாம்னுட்டாவல்லா. ஏறுதேன். தள்ளுங்க.”

தள்ளினார். இரண்டு அலை தாண்டுகிறவரை ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டிருந்தேன், பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து. இத்தனை வருஷம் இந்தத் தோணியின் ஒவ்வொரு நட்டும் எனக்குத் தெரியும், அது போகும்போது எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது. முனைப் பாறைக்கு நேரே வந்ததும் அவர் இடது கையால் சுக்கானைத் திருப்பினார். பின்னால் இரண்டு பலகையும் ஒன்றாகத் திரும்பின. சத்தமே இல்லை.

“எப்பத்துலேர்ந்து தெரியும்?” என்று கேட்டேன்.

“உடைஞ்ச அன்னைக்கே.”

“எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?”

“சொல்லி? நீ மாதாவோட சண்டைக்குப் போயிருப்ப.”

“ஒங்களக் குடிகாரன்னு சொன்னாவளே, அத விடவா?”

“அது எனக்குப் பழகுன பேருதான. ஒனக்குத்தான் புதுசா ஒரு பேரு வந்துரக் கூடாதுன்னு பாத்தேன்.”

இடுப்பில் செருகியிருந்த தைல டப்பாவை எடுத்தேன். இரண்டரை வருஷத்து வெள்ளை. கொட்டலாம் என்றுதான் கொண்டுபோனேன். கொட்டவில்லை. மூடி மேல் பேனாவால் எழுதினேன்: “இடது மூட்டு, தின்றது போக மீதி.” இதுவும் கணக்கில் இருக்க வேண்டிய சாமான்தான்.

கரைக்கு வந்ததும் இரண்டு கார் நின்றிருந்தன. “சேஃப்தானே?” என்று ஒரு அம்மா கேட்டார். “இப்பதான் நானே போயிட்டு வாரேன், பாருங்க, சேலை நனைஞ்சிருக்கு” என்றேன்.

ஓட்டம் 1, ஆள் 1. ஓட்டம் 2, ஆள் 4. ஓட்டம் 3, ஆள் 4.

மாதா இப்போது என் கழுத்தில், தடித்த நூலில். பதக்கம் உள்ளங்கை அகலம் என்பதால் குனியும்போதெல்லாம் மோவாயில் இடிக்கிறது. இடிக்கட்டும். என்னிடம் தின்பதற்கு அலுமினியம் இல்லை.